உன் கையில் இருக்கிற வேதம்

வேதபகுதி: உபாகமம் 17:18-20



 

இந்த மாதச் செய்தியை ஒரு பாரத்தோடு எழுதுகிறேன். சில வாரங்களுக்கு முன்னே ஆராதனை முடிந்து மூப்பர்கள் உட்கார்ந்திருந்தபோது, சபையில் மூத்தவரான ஒரு அண்ணன் எழுந்து, "பாஸ்டர், வாசல்ல ஒரு போர்டு எழுதி வெச்சிடலாமுங்க. செல்போன்ல பைபிள் படிக்கிறவங்க உள்ள வரவேண்டாம். புஸ்தகம் கொண்டுவர்றவங்க மட்டும் வரட்டும்" என்றார். அந்த வார்த்தை எப்படியோ வாலிபர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பாட்டுக் குழுவில் இரண்டு பேர் வரவில்லை. ஒரு தம்பி என்னிடத்தில் வந்து, "ஏனுங்க பாஸ்டர், நான் போன்ல படிச்சா அது கர்த்தருடைய வார்த்தை இல்லீங்களா?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

பிரியமானவர்களே, இது சின்ன விஷயம் அல்ல. வேதத்தை வைத்தே சபையைப் பிரிக்கிறதற்கு சத்துரு வழி தேடுகிறான். ஆகவே என் கருத்தையோ உங்கள் கருத்தையோ தள்ளிவைத்துவிட்டு, வேதத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேதமே என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

இஸ்ரவேலில் பின்னாளில் ராஜா எழும்புவான் என்று தேவன் முன்னமே அறிந்து, அவனுக்காகச் சில கட்டளைகளைக் கொடுத்தார். குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாய்ச் சேர்க்காதே என்று தடுத்தார். அதற்குப் பிறகு, நீ செய்யவேண்டியது என்று ஒன்றைச் சொன்னார். லேவியரான ஆசாரியரிடத்தில் உள்ள நியாயப்பிரமாணத்தைப் பார்த்து அவன் தனக்கென்று ஒரு பிரதி எழுதவேண்டும். அது அவனோடே இருக்கவேண்டும். உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்கவேண்டும். அப்பொழுது அவன் இருதயம் சகோதரருக்கு மேலாக உயராது. இதிலே நமக்கு நாலு பாடம் இருக்கிறது.

1. தனக்கென்று ஒரு பிரதி

ராஜாவுக்கு அரமனையில் எழுத்தர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் தேவன் அவனுக்கென்று ஒரு பிரதி இருக்கவேண்டும் என்றார். எதன்மேல் எழுதவேண்டும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மோசே கொண்டுவந்தது கற்பலகை. எரேமியா சொல்ல பாருக் எழுதினது சுருள். நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் இயேசு விரித்து வாசித்ததும் ஏசாயாவின் சுருள்தான். அதற்குப் பிறகு வந்த ஆதி கிறிஸ்தவர்கள், உலகம் சுருளையே பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஏடுகளை மடித்துக் கட்டின புத்தகத்தை விரும்பிக் கையில் எடுத்தார்கள். இங்கிலாந்து தேசத்தில் மான்செஸ்டர் நகரத்து நூலகத்தில் யோவான் சுவிசேஷத்தின் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலர் கணிக்கிறார்கள். அதன் இரண்டு பக்கத்திலும் எழுத்து இருக்கிறது. சுருளில் வழக்கமாய் ஒரு பக்கம்தான் எழுதுவார்கள். ஆகையால் அது புத்தகமாய்க் கட்டின பிரதியின் துண்டு என்று தெரிகிறது. அந்த நாளில் சுருளை விட்டுப் புத்தகத்துக்கு மாறினவர்கள் நம்முடைய முற்பிதாக்கள்தான்.

தமிழுக்கு வேதம் வந்த கதையைப் பாருங்கள். 1706ஆம் வருஷம் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் கப்பலைவிட்டு இறங்கினபோது, நம் ஜனங்களுக்குப் புத்தகம் என்றால் பனையோலைச் சுவடிதான். எழுத்தாணியால் கீறி, கயிற்றில் கோர்த்து வைப்பார்கள். அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடே உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1711இல் முடித்தார். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஜெர்மனி தேசத்து ஹாலே பட்டணத்திலிருந்தும் கப்பலில் வந்தன. வந்த எழுத்துகள் மிகவும் பெரியவை. அப்படியே அச்சடித்தால் தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் ஏற்படுத்தினார்கள். இத்தனை பாடுபட்டு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்த அவர், 1719இல் தமது 36ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மீதியை ஷூல்ச் ஐயர் முடித்தார். அதன் பிறகு பப்ரிஷியஸ் ஐயர் உழைத்தார். இன்றைக்கு நாம் வாசிக்கிற பழைய திருப்புதல், பவர் ஐயரும் அவரோடிருந்த குழுவினரும் செய்து 1871இல் வெளிவந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாய்ச் சொல்லுகிறேன்? ஓலையிலே பழகின ஜனத்துக்கு மையும் காகிதமும் ஒருகாலத்தில் புதுசு. இன்று நாம் "பரிசுத்தமானது" என்று நெஞ்சோடே அணைக்கிற அச்சு வேதாகமம், அன்றைக்கு ஒரு புது இயந்திரத்திலிருந்து வந்த புதுப் பொருள். பாத்திரம் மாறினது. அதற்குள் இருந்த மன்னா மாறவில்லை. ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். ஆமாம் தம்பி, போனில் வாசித்தாலும் அது கர்த்தருடைய வார்த்தைதான். சந்தேகப்படாதே.

2. அது அவனோடே இருக்கவேண்டும்

ராஜா யுத்தத்துக்குப் போனாலும், நியாயத்தீர்ப்புக்கு உட்கார்ந்தாலும், பிரதி அவனோடே இருக்கவேண்டும். எத்தியோப்பிய மந்திரி வண்டியில் போகும்போதே ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனான் (அப்போஸ்தலர் 8). வழியிலே கையில் வேதம் இருந்தபடியால் அன்றைக்கே ஞானஸ்நானம் வரைக்கும் போனான். அவன் ஊர் போய்ச் சேர்ந்து வாசிக்கலாம் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாரநாட்களில் நான் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவன். மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வரிசையாய் நிற்கிற சீசனில், கிழங்கு கழுவுகிற இடத்தில் கைக்கு எட்ட ஒரு வேதாகமத்தை வைக்கமுடியாது. ஈரமும் மாவுப் பாலும் பட்டு ஒரே வாரத்தில் நைந்துபோகும். அங்கே இரவு ஷிப்டு பார்க்கிற ஒரு சகோதரன் டீ நேரத்தில் போனை எடுத்து ஒரு சங்கீதம் வாசிக்கிறான். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா தேசத்துக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஒரே பையோடே போனார்கள். அவர்களுக்குச் சட்டைப்பையில் வேதம் கிடைத்தது. 2008 ஜூலையில் யூவெர்ஷன் என்கிற வேதாகம ஆப் போனில் வந்தது. அதன் பின்னே இப்படிப்பட்டவை எத்தனையோ. இன்றைக்குத் தமிழ் வேதாகமத்தைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நெட் இல்லாமலே வாசிக்கிற ஆப்களும் உண்டு.

நம் சபையில் எண்பதைத் தாண்டின ஒரு பாட்டியம்மா இருக்கிறார்கள். பெரிய எழுத்து வேதாகமமும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தூக்கவும் கையில் பலமில்லை. பேத்தி போனில் ஒலி வேதாகமத்தை வைத்துக் கொடுக்கிறாள். பாட்டி காலையில் முற்றத்தில் உட்கார்ந்து யோவானைக் கேட்கிறார்கள். "இருவது வருசமா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வசனம் கேட்டேன். இப்ப தெனமும் கேக்கறேன் சாமி" என்று சொன்னார்கள். அல்லேலூயா! எழுத்துத் தெரியாத நம் தாய்மார் எத்தனை பேருக்கு இது ஆசீர்வாதம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரும் பேரும் சொல்லமாட்டேன். ஒரு சகோதரி. வீட்டில் அவள் ஒருத்தி மட்டுமே ஆண்டவரை அறிந்தவள். புத்தகம் வீட்டுக்குள் வந்தால் சண்டை வருகிறது. போன தடவை வந்த சண்டையில் வேதாகமம் அடுப்புக்குப் போய்விட்டது. அவளுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே வேதம் அவள் போனில் இருக்கிறது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு வெளிச்சத்தைக் குறைத்துவைத்து வாசிக்கிறாள். மூப்பரே, வாசலில் அந்தப் போர்டை வைத்தால் முதலாவது வெளியே நிற்கப்போகிறவள் அவள். சம்மதமா?

3. நாளெல்லாம் வாசிக்கவேண்டும்

இப்பொழுது வாலிபப் பிள்ளைகளே, உங்களிடத்தில் பேசுகிறேன். வேதம் உன்னோடே இருக்கிறது, சரி. வாசிக்கிறாயா? கையில் இருக்கிறது வேறு, வாசிக்கிறது வேறு.

அச்சு வேதாகமத்தைத் திறந்தால் அதற்குள் ஒரே சத்தம்தான் இருக்கிறது. போனைத் திறந்தால் சந்தையே உள்ளே இருக்கிறது. ரோமர் 8ஐ வாசிக்க ஆரம்பிக்கிறாய். பாதியில் மேலே ஒரு வாட்ஸ்அப் எட்டிப்பார்க்கிறது. யாரோ கல்யாணப் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறதற்குள் கிரிக்கெட் ஸ்கோர். அதற்குள் பிரசங்கியார் 9ஆம் அதிகாரத்துக்குப் போய்விட்டார். மார்த்தாள் கெட்ட வேலையா செய்தாள்? இல்லை. அநேக வேலைகள் அவளை இழுத்தன. மரியாள் ஒரே பாதத்தண்டையில் உட்கார்ந்தாள். உன் போன் உன்னை மார்த்தாளாக்குகிறதா, மரியாளாக்குகிறதா? நீயே சோதித்துப்பார்.

இதை உலகத்து ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். தாளில் வாசிப்பதையும் திரையில் வாசிப்பதையும் ஒப்பிட்டு 2000 முதல் 2017 வரைக்கும் வந்த 54 ஆய்வுகளை ஒன்றாய்ச் சேர்த்து, 2018இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில் அடங்கினவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். விஷயத்தை விளக்குகிற எழுத்தைத் தாளில் வாசித்தவர்களே கூடுதலாய்ப் புரிந்துகொண்டார்கள். நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்கிற அவசரம் இருந்தபோது அந்த வித்தியாசம் அதிகமானது. கதைபோன்ற எழுத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தேவ பிள்ளைகளே, இதை நம் வேத வாசிப்புக்கு வைத்துப்பாருங்கள். யோசேப்பின் சரித்திரத்தைப் போனில் வாசித்தாலும் மனதில் நிற்கலாம். ரோமர் நிருபத்தையும் எபிரெயர் நிருபத்தையும் ஒரு வாதத்தின்மேல் இன்னொரு வாதமாய்ப் பவுலும் மற்றவர்களும் கட்டுகிறார்கள். அதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு விரலால் தள்ளித் தள்ளி வாசித்தால் எவ்வளவு தங்கும்?

ராத்திரி படுக்கும் முன்னே வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 12 பேரை வைத்து நடத்தி, 2014 கடைசியில் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. படுக்கிறதற்கு முன்னே சில மணி நேரம் ஒளிவிடும் திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த நாட்களைவிடத் தூக்கம் தாமதமாய் வந்தது. மறுநாள் காலையில் மந்தமும் கூடினது. அதிகாலை ஜெபத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்லுகிற வாலிபரே, யோசியுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. போனில் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடினால் வசனம் உடனே வருகிறது. வேதாகமக் கல்லூரியில் நாங்கள் ஒத்தவாக்கிய அகராதியைத் தூக்கிவைத்துப் பக்கம் பக்கமாய்த் தேடினோம். ஆகவே இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் தேடி எடுத்த வசனம் தனியாய் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசானவன் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துப் பேசினான். வசனம் சரி, ஆனால் அதிலே ஒரு பகுதியை விட்டுவிட்டான். அடுத்த வசனத்துக்கும் போகவில்லை. அங்கே வலுசர்ப்பத்தை மிதிக்கிறது வருகிறதே, அவன் எப்படிப் போவான்? காலையில் ஸ்டேட்டஸில் பூப்படம் போட்ட ஒரு வாக்குத்தத்தத்தை வைத்துவிட்டு அன்றைய வேத வாசிப்பு முடிந்தது என்று நினைக்கிறவர்களே, அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பெரோயா பட்டணத்தார் ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் அல்ல. தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தவர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. தீமோத்தேயு சிறுவயது முதல் வேதத்தை அறிந்தவன். பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்குள் வந்தது. பிள்ளைகள் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுகிறார்கள். நீங்கள் விடியற்காலையில் வேதாகமத்தை விரித்து உட்கார்ந்தால், நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், "அப்பா வேதம் வாசிக்கிறார்" என்று. போனைக் கையில் வைத்து உட்கார்ந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்? நீங்கள் ஏசாயாவை வாசித்தாலும், கிழங்கு விலையைப் பார்த்தாலும், வீடியோ பார்த்தாலும் பிள்ளையின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: "அப்பா போன் பாக்கறார்." உங்கள் இருதயத்தைக் கர்த்தர் காண்கிறார். உங்கள் பிள்ளை கையைத்தான் காண்கிறது.

நம் சபையில் ஒரு அய்யா கர்த்தரிடத்தில் போனபின்பு, பின்மாற்றத்தில் இருந்த மகன் அவருடைய வேதாகமத்தைத் திறந்து பார்த்தான். லூக்கா 15இல் இளைய குமாரன் திரும்பி வருகிற பகுதியின் ஓரத்தில் நீல மையில் அவன் பேரும், அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாய்ப் பதினோரு தேதிகளும் எழுதியிருந்தன. வருஷத்துக்கு ஒரு முறை, அவன் வீட்டைவிட்டுப் போன நாளில் அப்பா அந்த இடத்தில் ஜெபித்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் மை கலைந்திருந்தது. மகன் இன்றைக்கு ஆராதனையில் நம்மோடே நிற்கிறான். போனிலும் அடிக்கோடு போடலாம், குறிப்பும் எழுதலாம். ஆனால் போன் பழுதானால், லாக் திறக்காவிட்டால், அந்தக் குறிப்பு யார் கைக்கு வரும்? தகப்பன் பிள்ளைக்கு விட்டுப்போகிற சுதந்தரத்தில் கோடு போட்ட ஒரு வேதாகமமும் இருக்கட்டும்.

4. சகோதரருக்கு மேலாக உயராத இருதயம்

இப்பொழுது மூத்தவர்களே, உங்களிடத்தில் வருகிறேன். ராஜா எதற்காக வேதத்தை வாசிக்கவேண்டும் என்றார் தேவன்? தேவனுக்குப் பயந்து நடக்கவும், தன் சகோதரருக்கு மேலாகத் தன் இருதயம் உயராமலிருக்கவும். வேதம் வாசிக்கிறவன் தாழ்ந்துபோக வேண்டும். "என் கையில் புஸ்தகம், உன் கையில் போன்" என்று உயர்ந்துபோனால் நாம் வாசித்தது எங்கே போயிற்று?

யோயாக்கீம் ராஜாவுக்குமுன் வாசிக்கப்பட்டது போன் அல்ல, நல்ல சுருள்தான். குளிர்காலத்தில் கணப்புக்கு முன்னே உட்கார்ந்துகொண்டு, மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான் (எரேமியா 36). சுருள் அவனை இரட்சித்ததா? இல்லை. கர்த்தர் பாருக்கைக்கொண்டு மறுபடியும் எழுதுவித்து, முன்னே இருந்ததைவிட அதிகமாய்ச் சேர்த்தார். எரிந்தது சுருள். வார்த்தை எரியவில்லை. அந்தச் சகோதரியின் வேதாகமத்தை அடுப்பில் போட்டவர்களும் இதை அறியட்டும்.

ஜிப் வைத்த கவருக்குள் போன ஞாயிறு மூடின வேதாகமத்தை இந்த ஞாயிறு திறக்கிறவர்கள் நம்மில் இல்லையா? உள்ளே காணிக்கை ரசீதும் பழைய கல்யாணப் பத்திரிகையும் பத்திரமாய் இருக்கின்றன. பிள்ளைக்குக் கெட்ட கனவு வருகிறது என்று தலையணைக்கு அடியில் வைக்கிறார்கள். காலையில் எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வேதாகமம் தாயத்து அல்ல, பிரியமானவர்களே. திறக்காத புத்தகமும் திறக்காத ஆப்பும் ஒரே கணக்குத்தான்.

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிச் சிறையில் கடைசி நாட்களில் இருந்தபோது தீமோத்தேயுவிடம் என்ன கேட்டார்? துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், முக்கியமாய்த் தோற்சுருள்கள் (2 தீமோத்தேயு 4:13). அவருக்குப் புஸ்தகத்தின் மேல் பிரியம் இருந்தது. சபைகளுக்கு நிருபங்களை எழுதினவர், சாகும் நேரத்திலும் வாசிக்க விரும்பினார். அந்தப் பசியைத்தான் நான் உங்களிடத்தில் தேடுகிறேன்.

ஆகவே மூப்பர்களோடே உட்கார்ந்து ஜெபித்து, கீழ்க்கண்டபடி செய்வோம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

வாசலில் போர்டு வைக்கப்படாது. போனில் வாசிக்கிறவர்கள் வரலாம். ஆராதனைக்கு உட்காரும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டு உட்காருங்கள். வேதம் திறக்கும், வாட்ஸ்அப் வராது.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அச்சு வேதாகமம் கொண்டுவரவேண்டும். இல்லாத பிள்ளைக்குச் சபை வாங்கிக் கொடுக்கும். ஆதியாகமம் எங்கே, மல்கியா எங்கே, வெளிப்படுத்தல் எங்கே என்று பிள்ளையின் விரலுக்குத் தெரியவேண்டும்.

குடும்ப ஜெபத்தில் வீட்டுக்கு ஒரு அச்சு வேதாகமம் நடுவில் விரிக்கப்படட்டும். ஆளுக்கு நாலு வசனம் சத்தமாய் வாசியுங்கள். போன்கள் எல்லாம் அடுத்த அறையில் சார்ஜில் இருக்கட்டும்.

கண் மங்கினவர்களுக்கும் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் ஒலி வேதாகமத்தை இறக்கிக்கொடுக்கிற ஊழியத்தை வாலிபர்கள் எடுத்துக்கொள்ளுகிறார்கள். எந்தத் தம்பி கலங்கின கண்ணோடே என்னிடத்தில் வந்தானோ, அவனே இதற்குப் பொறுப்பு. அவனை முதலாவது தன் வீட்டுக்கு அழைத்திருக்கிறவர் யார் தெரியுமா? போர்டு வைக்கச் சொன்ன அதே அண்ணன்தான். அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதியினால் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. "தம்பி, எங்க ஊட்டுல அக்காவுக்கு வசனம் கேக்கற மாதிரி வெச்சுக் குடு சாமி" என்று கேட்டிருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

எஸ்றா ஒரு மரமேடையின்மேல் நின்று காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வாசித்தான். அங்கே ஆளுக்கொரு பிரதி இருந்ததாக எழுதப்படவில்லை. எல்லார் செவியும் ஒரே வார்த்தைக்கு நேராய் இருந்தது. லேவியர் அர்த்தம் சொன்னார்கள். ஜனங்கள் விளங்கிக்கொண்டார்கள், அழுதார்கள், பிறகு மகிழ்ந்தார்கள் (நெகேமியா 8). எழுப்புதல் அப்படித்தான் வந்தது. நம் ஆத்தூரிலும் அப்படியே வரும்.

பிரியமானவர்களே, உன் கையில் இருக்கிறது தாளோ, திரையோ, அதைத் திற. திறந்தபின் அவசரப்படாதே. வாசித்ததில் ஒன்றையாவது இருதயத்தில் எழுதிக்கொள். போனில் சார்ஜ் இறங்கும் நாளிலும், வேதாகமம் அடுப்புக்குப் போகும் நாளிலும், கண் மங்கும் நாளிலும் அந்த ஒரு பிரதியை யாரும் உன்னிடத்திலிருந்து எடுக்கமுடியாது.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் மொழியில் உம்முடைய வார்த்தையைத் தந்தீரே, ஸ்தோத்திரம். அதற்காகப் பாடுபட்ட ஊழியர்களுக்காக நன்றி சொல்லுகிறோம். மறைவிலே வாசிக்கிற உம்முடைய மகளைக் காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு வசனத்தின் பசியைத் தாரும். மூத்தவரையும் வாலிபரையும் ஒரே வார்த்தையினால் ஒன்றாய்க் கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்பு சகோதரன்